பள்ளியில் சாலைப் பாதுகாப்பு: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாநில நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சுவரை ஒட்டியே தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. சாலைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பு பல வருடமாக என்னிடம்தான். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்த ஆசிரியர்களும் எங்கள் பிள்ளைகளின் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுச் சாலைகளை, அதிலும் நடைபாதை இல்லாத ஊர்ச் சாலைகளை மனதில் வைத்துச் சொன்னவை.

பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இதற்குத் தனியாக வகுப்பு நடத்தும் அளவுக்கு இது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. இறந்தவர்கள் 17,884 பேர், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 49 பேர். பெரிய வகுப்பு ஒன்றின் வருகைப் பதிவேட்டில் அத்தனை பெயர்தான் இருக்கும்.

5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்கள் இறப்பதற்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதில் ஆரம்பித்து, படிப்பு முடிந்து வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆகும் வயது வரை. சாலையில் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இறக்கிறார்கள். உலகின் வண்டிகளில் பத்தில் ஆறுதான் இந்த நாடுகளில் ஓடுகிறது. அம்மை தடுப்பூசி போட்டாச்சா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் விசாரிக்கிறோம். ரோட்டைக் கடக்கத் தெரியுமா என்று விசாரிப்பதில்லை.

ஜனவரியில் பேரணி, ஓவியப் போட்டி, போலீஸ்காரரை அழைத்து ஒரு கூட்டம் எல்லாம் நடத்துகிறோமே. போதாதா?

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போதுமா என்றால், போதாது. ஒரு வருடம் நாங்களும் பேரணி நடத்தினோம். பிள்ளைகள் பதாகை பிடித்து, 'சாலை விதியை மதிப்போம்' என்று தொண்டை வற்றக் கத்தினார்கள். பேரணி பள்ளி வாசலில் முடிந்தது. அப்போது டவுன் பஸ் வந்து எதிர்ப்பக்கம் நின்றது. கத்திய அதே பிள்ளைகள் பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு டிப்பர் லாரிக்கு முன்னால் குறுக்கே ஓடினார்கள். லாரிக்காரர் போட்ட பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு விதி தெரியாமல் இல்லை. கேட்டிருந்தால் பத்து விதியையும் ஒப்பித்திருப்பார்கள். அவர்களுடைய காலுக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை. பஸ்ஸைப் பார்த்ததும் கால் தானாக ஓடுகிறது. அதை ஓரத்தில் தானாக நிற்கப் பழக்க வேண்டும். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுக்க முடியாது இல்லையா? இதுவும் அப்படித்தான். அன்றிலிருந்து எங்கள் மன்றத்தின் வேலை முக்கால்வாசி மைதானத்திலும் ரோட்டோரத்திலும்தான் நடக்கிறது.

எந்த வயதில் தொடங்கலாம்? எந்த வயதில் பிள்ளையைத் தனியாக ரோட்டைக் கடக்க விடலாம்?

தொடங்குவது அங்கன்வாடியிலேயே. தனியாக விடுவது மிகவும் பின்னால். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பிரச்சினை வருகிறது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு 'நில், பார், கேள்' என்று சொல்ல வரும். ஆனால் தூரத்தில் வரும் வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது, தான் கடப்பதற்குள் வந்துவிடுமா என்று கணக்குப் போட அந்த வயதில் முடியாது. கண்ணும் மூளையும் அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை. ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகுதான் அந்தத் திறமை கொஞ்சம் கொஞ்சமாக வரும். போதாக்குறைக்கு உயரம் வேறு. நிறுத்தி வைத்த காருக்குப் பின்னால் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ரோடு தெரியாது, ரோட்டில் வருபவருக்கும் பிள்ளை தெரியாது.

அதனால் ஐந்தாம் வகுப்பு வரை பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். 'நம்ம பிள்ளை ரொம்ப சூட்டிகை, தனியா போயிடும்' என்று சில பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். சூட்டிகையாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக இருந்தாலும் ஏழு வயது என்றால் ஏழு வயதுதான்.

சின்ன வகுப்புகளுக்கு எப்படி நடத்துவது?

ஒரு சுண்ணாம்புக்கட்டிப் பெட்டி, ஒரு நீளக் கயிறு, வெயில் தாழ்ந்த ஒரு பீரியட். இவ்வளவு போதும்.

மைதானத்தில் இரண்டு கோடு போட்டால் ரோடு தயார். நாலு பிள்ளைகள் கையில் பழைய டயரோடு வண்டிகளாக ஓடுவார்கள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாக ஓரத்தில் வந்து நிற்க வேண்டும். கோட்டை மிதிக்காமல், ஒரு அடி தள்ளி. இந்த 'நிற்பது' ஒன்றையே முதல் வாரம் முழுவதும் பழக்குங்கள். வேறு எதுவும் வேண்டாம். ஓடி வந்து நிற்கட்டும், பேசிக்கொண்டே வந்து நிற்கட்டும், பந்தைத் துரத்தி வந்து நிற்கட்டும். பந்து கோட்டைத் தாண்டி உருண்டு போனாலும் பிள்ளை ஓரத்தில் நின்றுவிட்டால் அன்றைக்கு நீங்கள் ஜெயித்த மாதிரி.

இரண்டாவது வாரம் பார்ப்பது. 'பார்த்தியா?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'பார்த்தேன் டீச்சர்' என்றுதான் சொல்லும். தலை திரும்பியிருக்கும், கண் எதையும் பார்த்திருக்காது. 'என்ன பார்த்தே?' என்று கேளுங்கள். 'நீலச் சட்டை வண்டி ரெண்டு வருது, ஒண்ணு கிட்ட வந்துட்டு' என்று சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வைத்தால்தான் கண் வேலை செய்யும்.

மூன்றாவது வாரம் நிஜ ரோடு. ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களைக் கேட்டால் வருவார்கள். வாகனம் குறைவான தெருவில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

முதலில் வலப்பக்கம் பார்க்கணுமா, இடப்பக்கமா? எங்கள் சார்ட்டில் இடது என்று இருக்கிறது.

அந்தச் சார்ட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது வலப்பக்கமாக வண்டி ஓட்டும் நாட்டுப் படமாக இருக்கும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் பாதியில் வண்டி வருவது வலப்பக்கத்திலிருந்து. அதனால் வலது, இடது, மறுபடி வலது. பாதி ரோட்டைத் தாண்டும்போது கண் இடப்பக்கம் இருக்க வேண்டும்.

இது புத்தகக் கணக்கு. நம் ரோட்டில் இன்னொன்றும் சேர்க்க வேண்டியிருக்கிறது. சென்டர் மீடியன் உள்ள சாலையில் யூ டர்ன் தூரமாக இருந்தால் பைக்குகள் எதிர்த்திசையில் ஓரமாகவே வரும். ஒருவழிப் பாதை என்று நம்பி ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கால் வைத்தால் அவ்வளவுதான். ஆகவே எந்த ரோடாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 'அவன் வந்தது தப்பு' என்பது உண்மைதான். அதற்காக அடிபடுவது நம் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் நடைபாதையும் இல்லை, ஜீப்ரா கோடும் இல்லை. சிக்னலைப் பற்றிப் பாடம் நடத்தி என்ன பயன்?

சரியான கேள்வி. பாடப்புத்தகத்தில் மூன்று விளக்கும் ஜீப்ரா கோடும் போட்ட அழகான நகரச் சாலை இருக்கும். நம் பிள்ளை நடக்கும் ரோட்டில் ஓரத்தில் வைக்கோல் காயும், ஆடு நிற்கும், குழி இருக்கும், புளியமர நிழலில் லாரி நிற்கும். சிக்னலை அவர்கள் தேர்வுக்குப் படிக்கட்டும். நாம் நடத்த வேண்டியது அவர்களுடைய ரோட்டை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பள்ளி வரை தான் வரும் வழி. எங்கே பயமாக இருக்கிறதோ அங்கே சிவப்புப் புள்ளி. நாங்கள் முதல்முறை இதைச் செய்தபோது, வாசலுக்கு எதிரே இருக்கும் வளைவில்தான் புள்ளி விழும் என்று நினைத்தேன். பாதிப் பேருடைய வரைபடத்தில் புள்ளி விழுந்தது ரேஷன் கடைப் பக்கம் இருக்கும் சின்னப் பாலத்தில். ரோடு அகலமாக இருக்கிறது, பாலம் குறுகலாக இருக்கிறது, நடப்பதற்கு இடமே இல்லை. பஸ் வந்தால் பிள்ளைகள் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். தினமும் அந்தப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவன் நான். எனக்கு அது தெரியவே இல்லை.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கப் பழக்குங்கள். 'இடப்பக்கமாகப் போ' என்பது வண்டிக்குச் சொன்னது. நடப்பவர் இடப்பக்கம் போனால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். சேர்ந்து நடக்க வேண்டிவந்தால் சின்னப் பிள்ளை உள்பக்கம், பெரிய பிள்ளை ரோட்டுப் பக்கம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் போகும் பிள்ளைக்கு வெளிர் நிறச் சட்டையும் ஒரு டார்ச்சும். பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. லாரிக்கு ஒட்டும் ஸ்டிக்கர்தான், ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும்.

ஸ்கூல் வேன், பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவது?

சொல்வதை விடக் காட்டிவிடுங்கள். எங்கள் பள்ளியில் வருடா வருடம் ஜூனில் இதைச் செய்கிறோம். பழக்கமான ஒரு வேன் ஓட்டுநரைக் கேட்டு, வண்டியை மைதானத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியைப் பி.டி. சார் கையில் வாங்கிக்கொள்வோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நெருக்கமாக உட்காருவார்கள், ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையாக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, 'எத்தனை பேர் தெரியறாங்க?' என்று கேட்போம்.

ஒருமுறை ஒரு பெண் குழந்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். 'யாருமே இல்ல சார்' என்றாள். கீழே அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து கையசைத்ததும் அவள் முகம் மாறியதே, அதை எந்தப் பாடத்தாலும் கொண்டுவர முடியாது. ஓட்டுநர் அண்ணனும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கித் திருப்பி வைத்தார்.

இறங்கியதும் வண்டிக்கு முன்னால் கடக்கக் கூடாது, குனியக் கூடாது, ஏதாவது கீழே விழுந்தால் எடுக்கப் போகாமல் ஓட்டுநரிடமோ உதவியாளரிடமோ சொல்ல வேண்டும், வண்டி கிளம்பிப் போன பிறகுதான் ரோட்டைக் கடக்க வேண்டும். பிள்ளைக்கு இவ்வளவு போதும். மற்றதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்தது. அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. உங்கள் பிள்ளை போகும் வண்டியின் தளம், அவசர வழி, கதவு, உதவியாளர் இருக்கிறாரா என்பதையெல்லாம் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். ஷேர் ஆட்டோவில் அனுப்புகிறீர்கள் என்றால், ஓட்டுநரின் இருபக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அந்த ஆட்டோ வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் இருநூறு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டிவரலாம். கஷ்டம்தான், எனக்கும் தெரியும்.

ரயில்வே கேட் வழியாகப் போகும் வேன் என்றால்?

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட்கீப்பர் இருந்த கேட் அது. அதனால் கேட் திறந்திருக்கிறது என்றாலும் வண்டி நிற்க வேண்டும், ஓட்டுநர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், பாட்டு ஓடினால் நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கேட் வந்ததும் வண்டிக்குள் எல்லோரும் வாயை மூடிக் காதைக் கொடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

இலவச சைக்கிள் வாங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வருகிறது. மேடை போட்டு, வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அன்று மாலையே முப்பது நாற்பது புதுச் சைக்கிள் ஒரே நேரத்தில் நெடுஞ்சாலையில் இறங்கும். பாதிச் சைக்கிளில் பிரேக் இறுக்கியிருக்காது. கொடுக்கும் நாளிலேயே ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை அழைத்துவந்து காற்று, பிரேக், செயின், பெல், ஹேண்டில்பார் நட்டு எல்லாம் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பயிற்சியில் முக்கியமானது ஒன்று உண்டு. நேராகப் போய்க்கொண்டே தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்ப்பது. சுலபம் என்று தோன்றும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேல் ஓட்டிக்கொண்டே பின்னால் நிற்கும் ஆசிரியர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லச் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு பேருடைய சைக்கிள் தலை திரும்பிய பக்கமே சாய்ந்து கோட்டை விட்டு இரண்டு அடி விலகும். வலப்பக்கம் திரும்பும்போது அந்த இரண்டு அடியில்தான் பின்னால் வரும் வண்டி இடிக்கிறது. ஒரு வாரம் பழகினால் சைக்கிள் அசையாது. கை காட்டுவதை அதற்குப் பிறகு சொல்லிக் கொடுத்தால் போதும்.

துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரில் பை தொங்கக் கூடாது. மூன்று பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போகக் கூடாது. கடைசியாகச் சொன்னது நடக்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

படிக்கட்டில் தொங்கும் பையன்களை என்ன செய்வது?

2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன மாணவர்கள் லாரியில் அடிபட்டு நாலு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை ஒருமுறை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள், படம் காட்ட வேண்டாம். பையன்களைத் திட்டுவதோடு நிறுத்தாமல், காலை எட்டே காலுக்கு உங்கள் ரூட்டில் எத்தனை பஸ் என்றும் எண்ணுங்கள். ஒரே பஸ்ஸில் நூற்றைம்பது பேர் ஏற வேண்டியிருந்தால் யாராவது தொங்கத்தான் செய்வார்கள். எண்ணிக்கையை எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு டிப்போ மேலாளருக்குக் கொடுங்கள். எங்களுக்குக் கூடுதல் பஸ் கிடைக்கவில்லை. நேரத்தைப் பதினைந்து நிமிடம் மாற்றினார்கள். அதிலேயே கூட்டம் இரண்டு பஸ்ஸாகப் பிரிந்துவிட்டது.

பத்தாம் வகுப்புப் பையன் அப்பாவின் பைக்கில் வருகிறான். வீட்டில் சொன்னால் 'நாங்கதான் சார் கொடுத்தோம்' என்கிறார்கள்.

இது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. வாசலில் நிறுத்த விடமாட்டீர்கள் என்று தெரிந்து, இரண்டு தெரு தள்ளி யாராவது வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். 18 வயது ஆகாமல் பைக் ஓட்ட உரிமம் கிடையாது. கியர் இல்லாத 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16 வயது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டினால் தண்டனை பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது. சிறை, அபராதத்தை விட இந்தக் கடைசி விஷயம்தான் பல அப்பாக்களை யோசிக்க வைக்கிறது. போலீஸ் வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ போக நினைக்கும் பையன் என்றால் அவனே யோசிப்பான்.

பையனிடம் வேறு மாதிரி பேச வேண்டும். 'உனக்கு ஓட்டத் தெரியாது' என்றால் சண்டைக்கு வருவான், ஏனென்றால் அவனுக்கு ஓட்டத் தெரியும். நிறுத்தத் தெரியுமா என்று மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். கார் ஓட்டுகிறவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் நிற்கச் சுமார் 13 மீட்டர், 50-ல் 28 மீட்டர், 60-ல் 36 மீட்டர் ஆகும். டேப் வைத்து அளந்து மூன்று இடத்திலும் ஒரு பையனை நிறுத்துங்கள். எங்கள் பள்ளியில் 60-க்கான இடத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்து, 'சார், இது நம்ம வராண்டாவ விட நீளம்' என்றான். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் ஏன் இரண்டு மடங்கோடு நிற்கவில்லை என்று இயற்பியல் ஆசிரியர் அங்கேயே சமன்பாடு எழுதினார். அந்தப் பாடத்தை அந்த வருடம் யாரும் மறக்கவில்லை.

சின்னப் பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டுமா?

நாலு வயதுக்கு மேல் யார் பைக்கில் உட்கார்ந்தாலும் சட்டப்படி ஹெல்மெட் வேண்டும். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் போட வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் குழந்தை அளவு ஹெல்மெட்டும் வேண்டும், வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. ஆனால் நிஜத்தில் குழந்தையைப் பெட்ரோல் டேங்க் மேல் நிற்க வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

வகுப்பில் காட்ட மூன்று முட்டை, இரண்டு கொட்டாங்குச்சி, கொஞ்சம் தெர்மாகோல் போதும். வெறும் முட்டையை மேஜை உயரத்திலிருந்து போடுங்கள். அடுத்த முட்டையைத் தெர்மாகோல் அடைத்த கொட்டாங்குச்சிக்குள் வைத்து இறுக்கிக் கட்டிப் போடுங்கள். மூன்றாவது தடவை கட்டாமல் போடுங்கள். வாரை மாட்டாத ஹெல்மெட் எதற்கு ஆகும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அன்று மாலை வீட்டில் அப்பாவின் கழுத்து வாரை யார் மாட்டிவிடுகிறார்கள் என்று பாருங்கள்.

சொல்லிக் கொடுத்தால் நிஜமாகவே விபத்து குறையுமா? ஆதாரம் இருக்கிறதா?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய கேள்வி இது. நடப்பவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி 15 பரிசோதனைகளைத் தொகுத்து 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. பயிற்சியால் பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, கடக்கும் விதமும் மாறுகிறது, காயம் குறைகிறதா என்பதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை என்றது. அந்தப் பதினைந்தில் ஒன்றுகூட ஏழை நாட்டில் நடக்கவில்லை. பழகிய பழக்கம் மாதங்கள் போகப் போகத் தேய்கிறது என்றும் அது சொன்னது. ஒருமுறை நடத்திவிட்டு விடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

இன்னொரு பக்கம் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரைப் பாருங்கள். விபத்து அதிகம் நடக்கும் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து வாசலில் வேகத்தடை, நடைபாதை, கடக்கும் இடம், தடுப்புக் கம்பி போட்டார்கள். கூடவே பிள்ளைகளுக்கு அந்த இடத்தை வைத்தே பாடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் சாலைக் காயம் சுமார் கால் பங்கு குறைந்தது. பாடமும் ரோடும் சேர்ந்துதான் மாற வேண்டும். பிள்ளைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அடிபட்டால் 'பார்த்துப் போகக் கூடாதா' என்று அவனையே கேட்பது அநியாயம். நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30 கி.மீ. வேகம்தான் இருக்க வேண்டும் என்று, சாலைப் பாதுகாப்புக்காக உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி வெளியிட்ட 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொல்கிறது. நம் பள்ளி வாசலில் பஸ் என்ன வேகத்தில் போகிறது?

விபத்தை நேரில் பார்த்தால் மாணவர்கள் என்ன செய்ய வேண்டும்?

ரோட்டுக்குள் ஓடக் கூடாது. பெரியவரைக் கூப்பிட வேண்டும், 108-க்கு அடிக்க வேண்டும், எந்த ஊர், எந்தக் கடை பக்கம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்டவரைத் தூக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கக் கற்றுக் கொடுங்கள், ஜூனியர் ரெட் கிராஸ் ஆசிரியர் உதவுவார். 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பயம் வீட்டிலிருந்து வருகிறது. உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது, 2019-ல் அது சட்டத்திலும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 'ஆஸ்பத்திரியில் பணம் கேட்பாங்க' என்று தயங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறது. இந்தப் பாடத்தை எப்படி எடுப்பது?

நான் ஒருமுறை தவறு செய்தேன். ஹெல்மெட் போடாததால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதிக் கேள்வி கேட்டேன். ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்து நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் முன்புதான் அவள் அப்பா பைக் விபத்தில் போயிருந்தார். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவில்லை.

இப்போது பாடத்துக்கு முந்தைய நாளே அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு இதைப் பற்றிப் பேசப் போகிறேன், நீ இருக்கிறாயா, நூலகத்துக்குப் போகிறாயா என்று கேட்டுவிடுகிறேன். எதைச் சொன்னாலும் சரி. விபத்துப் படமும் வீடியோவும் எந்த வகுப்பிலும் காட்டுவதில்லை. 'இப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பார்' என்ற வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

பள்ளி வாசலில் வேகத்தடை, கோடு வேண்டும். யாரிடம் கேட்பது?

முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் ஓர் அலுவலகம், மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, ஊர்ச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் மனு கொடுத்தால் 'எங்க ரோடு இல்லை' என்று பதில் வரவே மூன்று மாதம் ஆகும். எங்களுக்கு ஆனது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். பிள்ளைகள் போட்ட வரைபடத்தின் நகலை இணையுங்கள். சிவப்புப் புள்ளி போட்ட பிள்ளையின் கையெழுத்தைப் பார்க்கும் அதிகாரி மனுவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கையில் வைத்திருப்பார். கிராமசபையில் ஒரு முறை, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒரு முறை. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர், அதனால் அந்தக் குழுவின் கூட்டத்தில் இதை எடுக்கும்படி மனுவிலேயே எழுதுங்கள். ரசீது எண்ணைப் பள்ளி நோட்டில் குறித்து வையுங்கள், தலைமையாசிரியர் மாறினாலும் விஷயம் விட்டுப்போகக் கூடாது.

எங்கள் வாசலில் இரண்டு வேகத்தடை வர ஒன்றரை வருடம் ஆனது. அதன் மேல் பூசிய வெள்ளைப் பெயின்ட் முதல் மழையிலேயே போய்விட்டது. இரவில் வருபவர்களுக்குத் தடை தெரியாமல் இரண்டு பேர் விழுந்தார்கள். மறுபடி பெயின்ட் கேட்டும், ரேஷன் கடைப் பாலத்தின் ஓரத்தில் நடக்க ஒரு பலகைப் பாதை கேட்டும் போன மாதம் மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை காலை எட்டரை முதல் ஒன்பதே கால் வரை பாலத்தில் நானும் பி.டி. சாரும் மாறி மாறி நிற்கிறோம். பஸ் வந்தால் கை காட்டி நிறுத்தி, பிள்ளைகள் கடந்த பிறகு விடுகிறோம்.